பெற்றோர் ஏறிய வேன்

வேனக்கா எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பள்ளி வேன் ஓட்ட ஆரம்பித்த முதல் வருடம் ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் ஏறினார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டால் மூன்று தலைகள் திரும்பின. ஒருத்தியை அதட்டினால் மூன்று வீடுகளிலிருந்து புகார் வந்தது. அதோடு அந்த வழக்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஏறுகிற இடம்தான் பெயர். பச்சை கேட், மருந்துக்கடைச் சந்து, தண்ணீர்த் தொட்டி, இரும்புக்கடை, மூணாவது மாடி. பிள்ளைகளுக்கும் அது பிடித்துப்போனது. வீடு மாறிப் போன ஒரு பையன், புது வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தான் இன்னும் பச்சை கேட்தான் என்று அடம்பிடித்து அந்தப் பெயரையே தக்கவைத்துக்கொண்டான்.

வேன் முதலில் அவள் கணவருடையது. அப்போது அவள் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் பிரிவில் இருந்தாள். மாற்றுச் சக்கரத்தைத் தூக்கப் போய் அவருக்கு முதுகெலும்பு பிசகியது. இனி ஸ்டீயரிங் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றுவிடச் சொல்லி உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் யோசனை சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கு எல்லாம் அவளில் பாதி வயதுதான் இருக்கும். எட்டு வருடம் ஆயிற்று. கணவர் இப்போது வீட்டில் நாற்காலியில் முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்கார்ந்து, பெற்றோர்களின் போன்களுக்குப் பதில் சொல்கிறார். தன் நாற்காலிக்கு அவரே கன்ட்ரோல் ரூம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

அவளிடம் சில கறார்கள் உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை எடுக்குமுன் கீழே இறங்கி ஒரு சுற்று சுற்றிவந்து நான்கு சக்கரங்களையும் பார்ப்பாள். மழையானாலும் அப்படித்தான். பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துக் காதைக் கிழிப்பார்கள். அவள் பாட்டுக்குச் சுற்றி வருவாள். ஒருமுறை தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் யாரோ வீடு கட்டுவதற்காக மணலைச் சாலையோரம் கொட்டிவைத்துவிட்டார்கள். பிள்ளைகள் நடுச்சாலையில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரரிடம் தினம் காலையில் போய் ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் மணல் உள்ளே போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் வேனக்காவின் கணவருக்குப் போன் செய்து, "உங்க வீட்டம்மா சண்டை போட்டிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன்" என்று அழாத குறையாகச் சொன்னாராம்.

பிள்ளைகளுக்கு டிரைவர் என்பவர் ஸ்டீயரிங்கோடு சேர்ந்த ஒரு பாகம். காது இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றாது. அதனால் எந்த வீட்டில் யாருக்கு அடி விழுந்தது, எந்த டீச்சருக்கு என்ன பட்டப்பெயர் என்பதெல்லாம் வேனக்காவுக்கு அத்துப்படி. ஆனால் வேனில் கேட்டதை வேனிலேயே விட்டுவிடுவாள். அதுவும் ஒரு கறார்தான்.

அந்த வருடம் பதினாறு பிள்ளைகள், பதினோரு நிறுத்தங்கள். ஒரு போன் விளையாட்டு எல்லாரையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு தீவு. அதில் வீடு கட்ட வேண்டும், மரம் வைக்க வேண்டும், அடுத்தவன் தீவுக்கு விருந்தாளியாகப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் வைரம் வேண்டும். காலையில் வேன் முழுக்க வைரப் பேச்சுதான். நகைக்கடைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிறேனோ என்று அவளே கணவரிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது பின்னால் ஒரு சின்ன வாக்குவாதம். புயல் என்று ஒருவனாம், கேட்காமலே வைரம் அனுப்புகிறானாம். அவன் நம் பள்ளிக்கூடம்தான், பதின்மூன்று வயது என்றான் மருந்துக்கடைச் சந்து. இல்லவே இல்லை, வேறு ஊர், பதினோரு வயது, என்னிடம் அவனே சொன்னான் என்றான் இரும்புக்கடை. பச்சை கேட்டின் தங்கை, புயல் பையனே இல்லை, பெண், பதினைந்து வயது, தனக்கு அக்கா மாதிரி என்று அழுத்திச் சொன்னாள். மூன்று பேரும் தங்கள் தங்கள் புயலுக்காகச் சண்டைக்கு நின்றார்கள். மூணாவது மாடி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சிக்னல் பச்சையானது. பின்வண்டிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் வேனக்கா கியர் போட்டாள். எஞ்சினில் புதுச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. ஒரே ஆளுக்கு எதற்கு மூன்று வயது?

வீட்டில் சொன்னபோது கணவர், பிள்ளைகள் ஆயிரம் கதை விடும் என்றார். அவள் விடவில்லை. வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டு, அந்த விளையாட்டைத் தன் போனில் ஏற்றுவது எப்படி என்று கேட்டாள். மகள் முதலில் சிரித்தாள். காரணம் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கேளு. அந்த ஆளைப் பிடிக்கிற வேலைய நீ பார்க்காத. சின்னப் புள்ள மாதிரி நடிச்சுப் பேசிப் பார்க்கிறதெல்லாம் வேண்டவே வேண்டாம். உள்ள யார் யார் எந்த வழியா வரமுடியும், அத எங்க அடைக்கிறது, இத மட்டும் தெரிஞ்சுக்கோ."

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை வரை பள்ளிக்குப் பின்னால் மரத்தடியில் வண்டி நிற்கும். மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். வேனக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீவு கட்டினாள். முதல் நாள் அவள் கட்டிய வீட்டுக்கு வாசல் வைக்க மறந்து, அவள் பொம்மை உள்ளேயே மாட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் கடலில் விழுந்தது. கன்ட்ரோல் ரூம் முதுகுவலியை மறந்து சிரித்தார். ஆனால் நான்காம் நாள் அவளுக்கு வேண்டியது தெரிந்துவிட்டது. எல்லாரும் பார்க்கிற பேச்சு ஒன்று. அதற்குள் ஒரு சின்னக் கடித உறையின் படத்தைத் தொட்டால், இரண்டு பேருக்கு மட்டுமான தனிப் பேச்சு இன்னொன்று. யார் வேண்டுமானாலும் அந்த உறைக்குள் எழுதலாம் என்றுதான் விளையாட்டு முதலில் வைத்துத் தருகிறது. அதை மாற்றலாம். மாற்றுகிற இடத்தைத் திரையில் ஏழு தட்டுத் தட்டினால்தான் வரும்படி ஒளித்துவைத்திருந்தார்கள். அந்த ஏழு தட்டையும் அவள் பயண அட்டவணை எழுதும் நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டாள்.

இதற்குள் மூணாவது மாடி மாறிப்போயிருந்தாள். பதினொரு வயதுப் பெண். தினமும் ஜன்னலோர இடத்துக்கு மல்லுக்கு நிற்பவள், இப்போது கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா கப்பலில் வேலை. அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். பிள்ளை பள்ளிவிட்டு வருவதற்கும் அம்மா வேலைமுடிந்து வருவதற்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த நேரத்துக்காக அம்மா தன் பழைய போனைக் கொடுத்துவைத்திருந்தார். அவசரம் என்றால் கூப்பிடத்தான்.

ஒரு வியாழக்கிழமை மாலை. மூணாவது மாடிதான் கடைசி நிறுத்தம். பெண் இறங்கினாள். வேனக்கா வழக்கம்போலக் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி வந்தாள். இடது பக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால், டயரை ஒட்டி, ரோஸ் நிற உறை போட்ட ஒரு போன் கிடந்தது. கீழே விழுந்த மாதிரி இல்லை. நேராக, திரை மேலே தெரிய, வாகாக வைத்த மாதிரி இருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மாடிக் கட்டடத்தின் தூணுக்குப் பின்னால் ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ தெரிந்தது.

அவள் கத்திக் கூப்பிடவில்லை. போனை எடுத்துக்கொண்டு போய்த் தூணுக்கு அருகில் இருந்த படிக்கட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூணாவது மாடியும் வந்து ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"நீங்க பார்க்காம ஏத்திடுவீங்கன்னு நினைச்சேன்க்கா."

"ஏத்தியிருந்தா என்ன ஆகும்?"

"உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும்ல?"

பிறகு கொட்டித் தீர்த்தாள். புயல் அவளிடம் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக வந்திருந்தது. அந்தப் பெண்ணின் அப்பாவும் கப்பலில்தானாம். இரண்டு மாதம் தினமும் பேசினார்கள். ஒருநாள் புயல் அவள் படத்தைக் கேட்டது. பள்ளிச் சீருடையில் சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு படத்தை அனுப்பினாள். அடுத்த வாரமே பேச்சு மாறியது. கூடாத படங்கள் கேட்டது. மாட்டேன் என்றதற்கு, உன் முகத்தை வேறு உடம்பில் ஒட்டி உன் பள்ளிக்கூடம் முழுக்க அனுப்புவேன், உன் அம்மா வேலை செய்யும் இடத்துக்கும் அனுப்புவேன் என்று மிரட்டியது. வெள்ளிக்கிழமை வரை கெடு. நாளைதான் வெள்ளிக்கிழமை.

தான் பதறினால் இந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும் என்று வேனக்காவுக்குத் தெரியும். சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நீ எதுவும் தப்புப் பண்ணவில்லை, ஏமாற்றியது அந்த ஆள் என்று மட்டும் சொன்னாள். அதையே மூன்று தடவை சொன்னாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்கக்கா. ப்ளீஸ். என்னைக் கொன்னே போட்டுடுவாங்க."

"சொல்ல மாட்டேன்னு உன்கிட்ட பொய் சொல்ல முடியாது கண்ணு. சொல்லித்தான் ஆகணும். ஆனா நீ தனியா சொல்ல வேண்டாம். உன்கூட நானும் மாடி ஏறுறேன்."

லிப்ட் இல்லாத கட்டடம். இடது முழங்கால் அவளுக்குக் கொஞ்சம் தகராறு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினாள். கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, வர நேரமாகும், காரணம் கேட்காதீர்கள் என்றாள்.

அம்மா வந்தபோது கதவைத் திறந்தது வேனக்கா. அதைப் பார்த்ததுமே அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. விபத்து என்று நினைத்துவிட்டார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வேனக்காதான் பேச்சை ஆரம்பித்தாள். பாதி கேட்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். மகளை அடிக்கக் கை ஓங்கினார். வேனக்கா நடுவில் வந்து நின்றாள். கை இறங்கியது. அடுத்து போனைப் பிடுங்கிச் சுவரில் எறியப் போனார்.

"ஒடைக்காதீங்கம்மா. நம்ம கையில இருக்கிற ஒரே சாட்சி அதுதான்."

"உங்களுக்கு என்ன தெரியும்? வேன் ஓட்டுறவங்க நீங்க. என் வீட்டுக்குள்ள வந்து..."

வேனக்கா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அந்த அம்மா நின்றபடியே அழுதார். கொஞ்ச நேரத்தில் மூணாவது மாடி எழுந்து வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் கை தானாக மகள் தலைக்குப் போனது.

அதற்குப் பிறகு அந்த அம்மா வேறு ஆளாகிவிட்டார். தினமும் நூறு பேர் ரத்தத்தை மாறிப்போகாமல் குப்பியில் அடைத்துச் சீட்டு ஒட்டுகிறவர். தன் போனால் மகள் போனிலிருந்த ஒவ்வொரு பேச்சையும் படம் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், வரிசை எண் எழுதினார். ஒன்றைக்கூட அழிக்கவில்லை, ஒன்றுக்கும் பதில் போடவில்லை. புயலின் கணக்குப் பக்கத்தையும் படம் எடுத்தார்கள். கப்பலுக்குத் தொடர்பு கிடைத்ததும் அப்பாவிடமும் சொன்னார். அவர் மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாராம்.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேனக்கா அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு சைபர் போலீஸ் அலுவலகத்துக்குப் போனாள். முதல் மேசையில் இருந்தவர், விளையாட்டில் வைரம் திருடுபோன புகார் என்று நினைத்து இன்னொரு நாள் வரச் சொன்னார். வேனக்கா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். இன்னொரு நாள் வரை இங்கேயே இருப்பதாகச் சொன்னாள். கடைசியில் உள்ளே இருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். சீருடை இல்லை, சாதாரண உடை. பிள்ளையிடம் முதலில் பேனாவையும் ஒரு தாளையும் கொடுத்து, பேச வராததை எழுதினாலும் போதும் என்றார். எண் போட்ட படங்களைப் பார்த்ததும் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு ஒழுங்கா யாரும் கொண்டுவர மாட்டாங்க. பாதிப் பேர் பயத்துல எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் வருவாங்க."

கெடுவைப் பற்றிக் கவலை வேண்டாம், பதில் வராவிட்டால் பெரும்பாலும் இவர்கள் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்கள் என்றார் அதிகாரி. அடுத்த ஆள் என்ற சொல் வேனக்காவைக் குத்தியது. சிக்னலில் கேட்டதை, ஒரே ஆள் மூன்று வயது சொன்ன கதையை, அப்போது சொன்னாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பிள்ளைகளின் போன்களில் இருப்பதும் கிடைத்தால் ஆளை நெருங்குவது சுலபம். ஆனால் பெற்றோர்கள் தாங்களாக வந்து கொடுக்க வேண்டும். அதோடு இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது என்றார்.

வேனில் கேட்டதை வேனிலேயே விடுகிற கறாரை அன்று அவள் முதல் முறையாக உடைத்தாள்.

முதலில் பள்ளிக்கூடம் போனாள். பெற்றோர்களைக் கூட்டி அரைமணி நேரம் பேச ஹால் கேட்டாள். தலைமையாசிரியை மரியாதையாகத்தான் பேசினார். வீட்டில் நடப்பதற்குப் பள்ளி பொறுப்பாக முடியாது, வீணாகப் பள்ளியின் பெயர் அடிபடும், அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றார். அடுத்து ஒவ்வொரு வீடாகப் போன் செய்தாள். ஒருவர் மீட்டிங்கில் இருந்தார். ஒருவர் தங்கள் வீட்டில் அந்த விளையாட்டே கிடையாது என்றார். அவர் மகன்தான் வேனிலேயே பெரிய தீவு வைத்திருந்தவன். இரும்புக்கடைக்காரர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார், "எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்ல. உங்க வேலை வண்டி ஓட்டுறது. அத மட்டும் பாருங்க." மறுநாளிலிருந்து அவரே மகனை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் சாவியை மேசையில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் இரண்டு வீடு இப்படி நின்றால் வண்டிக்கு டீசல் போடுவதே கேள்விக்குறிதான். அது கணவருக்கும் தெரியும். அவர் தலையணையை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

"போன்ல கூப்பிட்டா வர மாட்டாங்க. புள்ளைங்கள எப்படிக் கூட்டிட்டு வர்ற? வாசல்ல போய் ஹாரன் அடிக்கிறல்ல?"

அவ்வளவுதான். அவள் எழுந்துவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை பெற்றோரின் வாட்ஸாப் குழுவுக்குக் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு செய்தி போனது. ஞாயிறு காலை பத்து மணிக்கு வேன் வழக்கமான பாதையில் வரும், பிள்ளைகளுக்காக இல்லை, பெற்றோருக்காக, அவரவர் போனையும் பிள்ளைகளின் போனையும் எடுத்து வரவும். ஞாயிறன்று வேனக்கா முதல் நிறுத்தத்தில் போய் நின்று ஹாரனில் கை வைத்தாள். பச்சை கேட்டின் அப்பா லுங்கியோடு வெளியே வந்து, தெருவே எட்டிப் பார்ப்பதைக் கண்டு, உள்ளே ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர்த் தொட்டியில் கணவனும் மனைவியும் யார் போவது என்று வாசலில் வாக்குவாதம் செய்தார்கள். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டாள். மருந்துக்கடைச் சந்தில் ஐந்து நிமிடம் ஹாரன் அடித்த பிறகுதான் ஆள் வந்தது. இரும்புக்கடையிலும் நிறுத்தி அடித்தாள். மாடி ஜன்னல் திறந்து மூடியது. யாரும் வரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டே எடுத்தாள்.

ஏழு நிறுத்தங்களிலிருந்து பத்துப் பேர். பெரிய மனிதர்கள் எல்லாம் பிள்ளைகள் சீட்டில் முழங்கால் முன்சீட்டில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்துக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்ததும் நடந்தது. கடைசியாக மூணாவது மாடியின் அம்மா ஏறினார். நகரத்துக்கு வெளியே, காலி மைதானத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வேனக்கா தன் சீட்டில் திரும்பி உட்கார்ந்தாள்.

மேடைப் பேச்சு அவளுக்கு வராது. சிக்னலில் கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. ஒரே ஆள், மூன்று வயது, ஒரு தடவை ஆண், ஒரு தடவை பெண். அதன்பின் ஒரு பிள்ளையை மிரட்டியதையும் சொன்னாள். யார் அந்தப் பிள்ளை என்று இரண்டு பேர் ஒரே குரலில் கேட்டார்கள். அது யாராக இருந்தால் என்ன, சொல்ல மாட்டேன் என்றாள். பின்சீட்டில், எல்லாம் கட்டுக்கதையாக இருக்கலாம் என்று ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

மூணாவது மாடியின் அம்மா எழுந்தார். வேனில் நிமிர்ந்து நிற்க முடியாது. தலை குனிந்தபடியே பேசினார்.

"என் பொண்ணுதான். அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். சொல்லும்மான்னு அவதான் சொன்னா. அவ போனை இந்த வேன் சக்கரத்துக்கு அடியில வச்சா. ஏன் தெரியுமா? என்கிட்ட சொல்றத விட அது அவளுக்குச் சுலபமா இருந்துச்சு. அத நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல."

மருந்துக்கடைச் சந்து அப்பா சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். மகன் அவர் போனில்தான் விளையாடுவான். உறையின் படம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். வேனக்கா நோட்டைப் பார்த்து ஒவ்வொரு தட்டாகச் சொன்னாள். அவர் படித்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். புயல் அவர் மகனிடம் வீட்டு முகவரி கேட்டிருந்தது. பையன் கொடுத்திருந்தான்.

அதன் பிறகு யாரும் கட்டுக்கதை என்று சொல்லவில்லை. ஒவ்வொருவராகப் போனைத் திறந்தார்கள். தெரியாதவர்கள் எழுத முடியாதபடி அடைப்பது, புகார் கொடுக்கும் இடம், பெயருக்குப் பின்னால் பள்ளியின் பெயரோ பிறந்த தேதியோ இல்லாமல் பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகச் செய்தார்கள். ஒருவருக்கு எழுத்து சின்னதாகத் தெரிந்ததால் பக்கத்துச் சீட்டுக்காரர் படித்துச் சொன்னார். தண்ணீர்த் தொட்டி அப்பா மட்டும், எதற்கு இத்தனை வேலை, போனையே பிடுங்கிவிட்டால் தீர்ந்தது என்றார்.

"பிடுங்கினா கூட்டாளி போன்ல விளையாடுவான் சார். அப்ப ஏதாவது ஆச்சுன்னா உங்ககிட்ட வந்து சொல்லவும் மாட்டான். சொன்னா இன்னும் எத பிடுங்குவாரோன்னு பயப்படுவான்" என்றாள் வேனக்கா.

அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் போனைத் திறந்தார்.

பிள்ளையிடம் வீட்டில் போய் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்பதுதான் எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது. இரண்டு பேர் அங்கேயே ஒத்திகை பார்த்தார்கள். பச்சை கேட்டின் அப்பா, "இங்க வா, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்ததும், அந்தக் குரலைக் கேட்டால் நாங்களே ஓடிவிடுவோம் என்று வேன் முழுக்கச் சிரிப்பு. அந்த அரை நாளில் அவர்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். கடைசியில் மூணாவது மாடியின் அம்மா சொன்ன வழி எல்லாருக்கும் பிடித்தது. உன் தீவைக் காட்டு என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். அரைமணி நேரம் அதன் வீட்டையும் மரத்தையும் பார்த்த பிறகு, யாரெல்லாம் விருந்தாளியாக வருவார்கள் என்று கேட்க வேண்டும்.

அந்த வாரம் நான்கு குடும்பங்கள் சைபர் அலுவலகத்துக்குப் போயின. புயல் சொன்னபடி எந்தப் படமும் பள்ளிக்கு வரவில்லை. ஐந்து மாதம் கழித்து அந்தப் பெண் அதிகாரியே வேனக்காவைக் கூப்பிட்டார். வேறொரு நகரத்தில் ஆள் பிடிபட்டிருந்தான். நாற்பதை நெருங்கிய வயது, கணக்கு எழுதும் வேலை, அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். அவனிடம் இருந்த பட்டியலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். வழக்கு இன்னும் நடக்கிறது. எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

மூணாவது மாடி சட்டென்று பழையபடி ஆகிவிடவில்லை. அந்தப் பருவம் முழுக்க முன்சீட்டில், வேனக்காவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பேச மாட்டாள். கியர் மாறுவதைப் பார்த்துக்கொண்டே வருவாள். மனநல ஆலோசகர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை அம்மா கூட்டிப்போனார். அம்மா தன் வேலை நேரத்தையும் மாற்றிக்கொண்டார். ஒருநாள் தண்ணீர்த் தொட்டிப் பையன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தபோது, அது தன் இடம் என்று அவள் அவனோடு மல்லுக்கு நின்றாள். சண்டை பெரிதானது. வேனக்கா அன்று அதட்டவில்லை.

இரும்புக்கடைக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒருநாள் வேன் கதவு ஓடும் தண்டவாளத்துக்கு ஒரு போல்ட் வாங்க வேனக்கா அவர் கடைக்குப் போனாள். அவர் போல்ட்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, கல்லாவுக்குக் கீழே இருந்து மகனின் டேப்லெட்டை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அந்த ஏழு தட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் கடை மேசையிலேயே நின்று காட்டிக்கொடுத்தாள். கடைக்கு வந்த இரண்டு பேர் ஆணி வாங்குவதை மறந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் காட்டினாள். திங்கட்கிழமை அந்த நிறுத்தத்தில் பையன் பையோடு நின்றான்.

செய்தி பரவிய பிறகு தலைமையாசிரியை ஆள் அனுப்பினார். இப்போது ஹால் தயார், மைக்கும் தயார். அன்று மறுத்ததைச் சொல்லிக் காட்டிவிட்டு வா என்றார் கன்ட்ரோல் ரூம். வீம்பு பிடிக்க அவளுக்கு நேரமில்லை. இரண்டே நிபந்தனை போட்டாள். இப்படிப் பிரச்சினை வந்தால் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று ஒரு டீச்சரை எல்லாருக்கும் தெரியும்படி அறிவிக்க வேண்டும். சொன்ன பிள்ளைக்குத் தண்டனை கிடையாது என்பதை எழுத்தில் தர வேண்டும். இரண்டாவதற்குத் தலைமையாசிரியை யோசித்தார். வேனக்கா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் காகிதம் இப்போது நோட்டீஸ் பலகையில் இருக்கிறது.

போன மாதம் வேறு பள்ளிகளின் வேன் டிரைவர்கள் எட்டுப் பேர், ஒரு ஒர்க்‌ஷாப்பில் டயர்களின் மேல் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் காது உண்டு. அவர்களும் எதை எதையோ கேட்டு வைத்திருந்தார்கள். பெற்றோர்களிடம் எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டார். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் உங்கள் சொந்தப் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று தெரியுமா என்று வேனக்கா திருப்பிக் கேட்டாள். எட்டுப் பேரும் டயர்களை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்கள். அவள் நோட்டை எடுத்து மடியில் விரித்தாள்.